என் மகள் சொல்லாத வார்த்தைகள்

என் மகளுக்கு மூன்று வயது முடிந்த மாதம், தாராவியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளியிருந்த பால்வாடியில் அவளைச் சேர்த்தோம். எனக்குக் குர்லாவில் ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலை. கணவருக்குத் தோல் பை தைக்கும் பட்டறையில். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அவள் டீச்சரிடம்தான் இருந்தாள். விழித்திருக்கும் நேரத்தில் என்னிடம் இருப்பதைவிட அவரிடம் இருப்பதுதான் அதிகம் என்று ஒருநாள் ரயிலில் நின்றபடி கணக்குப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. அன்று பிடித்தது அந்த எரிச்சல்.

டீச்சர் மாட்டுங்காவிலிருந்து வருவார். பாலக்காட்டுக் குடும்பம், ஐம்பது வயதிருக்கும். எங்கள் சந்துச் சேறு ஒரு துளிகூடப் படாமல் சேலையை எப்படித்தான் கொண்டுவந்து சேர்ப்பாரோ தெரியாது. மகள் அந்தச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிவாள். மாலையில் நான் போய் நின்றால் உடனே வரமாட்டாள். அவள் தலைமுடியை டீச்சர் இரண்டாக வகிர்ந்து இறுக்கிப் பின்னி அனுப்புவார். சந்து திரும்பியதும் அந்தப் பின்னலை அவிழ்த்து நானே மறுபடி பின்னுவேன். வீட்டுக்கு இன்னும் இருபதடிதான் இருக்கும். அந்தப் பின்னலோடு அவள் என் வாசலில் நுழைவதை என்னால் பார்க்க முடியவில்லை.

மகள் வீட்டில் பேசுவதில்லை. வேண்டியதைக் கையைக் காட்டிக் கேட்பாள். சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

ஜூலையில் பெற்றோர் கூட்டம் வைத்தார் டீச்சர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுக் கொடுத்தார். இடப்பக்கம் பால்வாடியில் பிள்ளை செய்ததையும் சொன்னதையும் அவர் எழுதுவார். வலப்பக்கம் வீட்டில் நடந்ததை நாங்கள் எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிள்ளைக்கு என்ன தேவை என்று தெரியும் என்றார். தமிழ் எழுதத் தெரியாதவர்கள் இந்தியில் எழுதலாம் என்றும் சொன்னார்.

முதல் வாரம் நோட்டைத் திறந்தேன். ‘இன்று என் முகத்தைப் பார்த்துப் பூ என்றாள்’ என்று எழுதியிருந்தார். என்னிடம் சொல்லாத வார்த்தையை அவரிடம் சொல்லியிருக்கிறாள். அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேனாவை எடுத்து வலப்பக்கத்தில், ‘வீட்டில் பூ வேணும் என்கிறாள்’ என்று எழுதினேன்.

அடுத்த வாரம் அவர் ‘தண்ணி’ என்று எழுதினார். நான் ‘அம்மா தண்ணி தா’ என்று எழுதினேன். பாட்டுக்குத் தலையாட்டினாள் என்று அவர் எழுதினால், பாதிப் பாட்டைப் பாடுகிறாள் என்று நான் எழுதினேன். எழுதி முடித்ததும் மனசு குளிர்ந்துபோகும். அந்த நோட்டுக்குப் பக்கத்திலேயே அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பருப்புச் சோறு தின்றுகொண்டிருப்பாள்.

இப்படி இரண்டு மாதம் போனது.

ஒரு சனிக்கிழமை அவளைக் கடைக்குக் கூட்டிப் போனேன். என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தபடி வந்தது. சந்தே திரும்பிப் பார்த்தது. அவள் திரும்பவில்லை. நான் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அதற்கும் திரும்பவில்லை. ஓடிப் போய் இழுத்த வேகத்தில் அவள் முழங்கை சுவரில் உரசி ரத்தம் வந்தது. ஸ்கூட்டர்காரன் இந்தியில் திட்டிவிட்டுப் போனான். நான் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு டீச்சரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“முன்னாடியே எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. நேரா முன்னாடி உக்காந்து பேசினாத்தான் அவ பதில் சொல்றா. டாக்டர்கிட்டக் காதைக் காட்டச் சொல்லணும்னு இருந்தேன். உங்க நோட்டைப் பாத்தேன், வீட்ல இவ்வளவு பேசறாளே, இங்கேதான் கூச்சப்படறா போலன்னு விட்டுட்டேன்” என்றார்.

“நான் எழுதுனது அம்புட்டும் பொய் டீச்சர். வீட்டுல அவ ஒரு வார்த்தை பேச மாட்டா. ஒங்ககிட்டப் பேசுதாளேன்னு பொறாமை. அதான் எழுதுனேன்.”

அவர் நோட்டை எடுத்து மூடி வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நாளைக்குக் காலம்பற ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நானும் வரேன்” என்றார்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் காதுக்குள் பார்க்கும் கருவியை எடுத்ததும் மகள் அலறினாள். என் மடியிலிருந்து இறங்கி டீச்சர் மடியில் ஏறிக்கொண்டாள். நான் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று தெரியப்போகிற அந்த நிமிஷத்தில்கூட எனக்கு வயிறு எரிந்தது. அதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. மருந்தில் சரியாகவில்லை. பொங்கலுக்கு முன்னால் சின்ன அறுவை செய்து நீரை எடுத்தார்கள். அதுவரை என்ன செய்வது என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. மிக்சி ஓடும்போது பேசக் கூடாது. எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொல்ல வேண்டும். சமைத்துக்கொண்டே அவளிடம் பேசுகிறவள் நான். என் பேச்சு அவளுக்கு எட்டியதே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. டீச்சர் செய்த மாயம், எதிரில் உட்கார்ந்ததுதான். நானும் தினம் அரை மணி நேரம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். நோட்டில் பல நாள் ‘இன்று ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுதினேன். அந்த வரியின் கீழே அவர் சின்னதாக ஒரு டிக் போடுவார்.

அறுவை முடிந்த மூன்றாம் வாரம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, “அம்மா, சத்தம் போடாத” என்றாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். சோப்புக் கையோடு அவளைத் தூக்கிக்கொண்டேன். அந்த ஒரு நாள் மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். மறுநாள்தான் டீச்சரிடம் சொன்னேன். அவர் மகளைப் பார்த்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். அவள் சொல்ல மறுத்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இப்போது மகள் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள், வாய் ஓய்வதில்லை. பால்வாடியின் கடைசி நாளில் டீச்சர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம் அப்படி அவள் அழுததில்லை. அது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் அவளை இழுக்கவில்லை. அழுது முடிக்கும்வரை வாசலில் நின்றேன்.