நிமிர்ந்து கதைக்கும் பாடம்

நேசமலர் ரீச்சர் நெடுங்கேணியில் இருந்து பஸ் ஏறி வந்து, வவுனியாவில் சீர்திருத்த இல்லத்தில் அடைபட்டிருக்கும் பொடியன்களுக்கு வாழ்க்கைத் திறன் படிப்பிக்கிறார். "வேலை கேட்டுப் போனால் நிமிர்ந்து நில்லுங்கோ, முகத்தைப் பார்த்துக் கதையுங்கோ" என்று தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியிருந்தார்.

அந்தப் பொடியன்களில் நிருஷன் அதை நம்பிவிட்டான். இல்லத்துக் கண்ணாடி ஒன்று உடைந்ததற்குக் காவலர் அதட்டியபோது, நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, "நான் உடைக்கேல்லை சேர்" என்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை. அச்சொட்டாக அதே பாடம். திமிர் என்று சொல்லி அவனை வெயிலில் முழங்காலில் நிற்க விட்டார்கள்.

நேசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிறகு என்னத்துக்கு இந்த வகுப்பு?" என்று கேட்கத்தான் பொறுப்பதிகாரியின் அறைக்குள் போனார். அந்த மனிதர் இருக்கக் கதிரைகூடக் காட்டவில்லை.

"ரீச்சர், இனிப் பணிவைப் படிப்பியுங்கோ. இல்லாட்டி வகுப்பே வேண்டாம்."

வகுப்பும் நின்றுபோனால் இந்தப் பொடியன்களுக்கு வேறு என்ன இருக்கிறது? கேட்க வந்ததை விழுங்கினார்.

"ஓம் சேர்."

வெளியே வந்தார். அந்த அறையின் திறந்திருந்த யன்னலுக்கு நேரே, முற்றத்தில் நிருஷன் இன்னும் முழங்காலில் நின்றான்.

"ரீச்சர், நீங்கள் ஏன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைச்சனீங்கள்?"