கூடப்பிறந்தவர் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்

1. பக்கத்து வீட்டுக் கேள்வி

வாங்கப்போகிற வீட்டைப் பார்த்துவிட்டு வந்த என் மகள் கமலா, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"யப்பா, அந்த வீட்ல லூர்துங்கிறது யாரு?"

கிரயப் பத்திரத்தின் வரைவை நான் அப்போதுதான் எழுதி முடித்திருந்தேன். முத்திரைத்தாளில் ஏற்றுவது மட்டுமே பாக்கி.

"ஏன், யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டு ஞானம்மா. 'லூர்து சரின்னுட்டாளா?'ன்னு கேட்டுச்சு. நான் முழிச்சதும், 'ஒண்ணுமில்ல ஆத்தா'ன்னு உள்ள போயிருச்சு."

திண்டுக்கல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுவது என் தொழில். ஊரார் வீடுகளுக்கெல்லாம் எழுதியிருக்கிறேன். என் குடும்பத்துக்கென்று எழுதியது இது ஒன்றுதான். கமலாவின் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். கருமாதி முடிந்த கையோடு அவர் அண்ணன்மார், அவளையும் இரண்டு பெண் குழந்தைகளையும் என் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். நான் இருப்பதோ வாடகை வீடு. எனக்குப் பிறகு அவர்களை யாரும் எழுப்ப முடியாத இடம் ஒன்று வேண்டும். அதற்காகவே மேட்டுப்பட்டியில் ஒரு ஓட்டு வீட்டைக் கமலா பெயரில் வாங்க ஏற்பாடு செய்தேன்.

லூர்து என்ற பெயர் என் பத்திரத்தில் எங்கும் இல்லை.

2. வில்லங்கத்தில் வராதது

வீடு வாங்குகிறவர் என்னென்ன பார்க்க வேண்டும் என்று இத்தொழிலுக்கு வரும் இளைஞர்கள் கேட்பதுண்டு. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, நான்கெல்லை. நான் நான்கையும் பார்த்திருந்தேன். விற்பவரின் தகப்பனார் ஒரு காலத்தில் வீட்டை அடமானம் வைத்து மீட்டிருந்தார். மீட்டதற்குப் பதிவான ரசீது இல்லை. கடன் தீர்ந்தால் போதாது, தீர்ந்தது பதிவிலும் ஏற வேண்டும் என்று சொல்லி அதையும் செய்ய வைத்தேன். அதற்குமேல் வில்லங்கம் ஏதும் இல்லை.

ஆனால் வில்லங்கத்தில் பத்திரங்கள் வரும், பிள்ளைகள் வரமாட்டார்கள். அதை வாயால்தான் கேட்க வேண்டும். விற்பவர் சவரிமுத்து, பூட்டுப் பட்டறை வைத்திருப்பவர். எல்லாரிடமும் கேட்பதுபோல அவரிடமும் கேட்டிருந்தேன்.

"கூடப்பொறந்தவங்க எத்தன பேரு?"

"ரெண்டே பேரு, ரைட்டரே. நானும் தம்பியும்."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பத்திரம் எழுத வந்து உட்கார்ந்தால் ஆண்களை மட்டும்தான் எண்ணுவார்கள். கட்டிக்கொடுத்த பெண் அந்தக் கணக்கில் வரமாட்டாள். தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று இந்துக்களுக்குச் சட்டம் வந்த பிறகும் வாய்ப்பழக்கம் மாறவில்லை. கிறிஸ்தவர்களுக்கோ அதற்கும் முன்பிருந்தே சட்டம் அப்படித்தான். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், மகனுக்கு என்ன பங்கோ அதுவே மகளுக்கும். சவரிமுத்துவின் தகப்பனார் உயில் எழுதவில்லை.

3. ஆண்டவருக்குக் கொடுத்த பெண்

மறுநாள் பட்டறைக்குப் போய், லூர்து யாரென்று கேட்டேன். சவரிமுத்து அரத்தைக் கீழே வைக்காமலே பேசினார்.

"அக்கா ஒண்ணு இருந்துச்சு. மடத்துல சேந்துருச்சு. ஆண்டவருக்குக் குடுத்தத இப்பத் திருப்பிக் கேக்கவா?"

"திருப்பியா கேக்குறேன்? ஒரு கையெழுத்துதான் வேணும்."

"ஏய்யா, ஒமக்கு வீடு வேணுமா, கோளாறு வேணுமா? கன்னியாஸ்திரிய ரிஜிஸ்தர் ஆபீசுல கொண்டாந்து நிறுத்துனா கோயில்ல எவன் மூஞ்சியில முழிக்கிறது? இதே வீட்டக் கேட்டு மண்டிக்காரரு ரெண்டு தடவ ஆளு விட்டுட்டாரு. அவரு ஒரு கேள்வி கேக்கல. ஒமக்கு முடியாதுன்னா சொல்லிரும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்குமோ என்று எனக்குத் தெரிந்த வக்கீலிடம் போனேன். அவர் வெற்றிலையை மென்றபடியே சிரித்தார்.

"துறவறம் போனா சொத்து போச்சுங்கிறது இந்து சந்நியாசிக்கு உள்ள கணக்கு. அத இங்க கொண்டாந்து போடாதீரும். அந்தம்மா உயிரோட இருக்காங்கல்ல? அப்ப கையெழுத்து வேணும்."

"அவங்க கேக்கவா போறாங்க?"

"இன்னைக்குக் கேக்க மாட்டாங்க. நாளைக்கு யாரு எப்படி மாறுவாங்கன்னு ஒமக்கு எழுதிக் குடுத்திருக்கா?"

வீட்டுக்கு வந்து கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வற்புறுத்தினால் வீடு கை நழுவலாம். விட்டுவிட்டால் என்றைக்காவது வழக்கு வரலாம். அவள் சின்னவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது.

"வேற வீடு கெடைக்காமப் போனாலும் சரிப்பா. வெளிய போன்னு இன்னொரு தடவ யாராச்சும் சொன்னா என்னால தாங்க ஏலாது."

4. மூத்தவள்

சவரிமுத்துவைச் சம்மதிக்க வைக்க நான் எதுவும் சாதுரியமாகச் செய்யவில்லை. என் மகள் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். வெகுநேரம் பூட்டு ஒன்றைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு சட்டையை மாட்டினார்.

"வாரும், போவோம். மாட்டேன்னுட்டா என்னையக் கொற சொல்லக் கூடாது."

கொடைரோட்டுப் பக்கம் இருந்தது அந்த மடம். லூர்துவுக்கு அங்கே சிஸ்டர் பெர்னதெத் என்று பெயர். பார்வையாளர் அறைக்கு வந்தவருக்கு முகம் அப்படியே சவரிமுத்துவின் முகம். சவரிமுத்து எழுந்து, "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று கைகூப்பினார். அக்கா என்று சொல்லவில்லை. விஷயத்தை நான்தான் சொன்னேன்.

"அப்பா செத்தப்ப இங்க வந்து அழுதுட்டுப் போனீங்க. வீட்டப் பத்தி யாரும் வாயத் தொறக்கல. நானும் கேக்கல" என்றார் சவரிமுத்துவைப் பார்த்து. பிறகு என்னிடம், "அங்க யாரு இருக்கப் போறா?" என்றார்.

சொன்னேன்.

"பணம் எனக்கு வேணாம். வாங்கவும் கூடாது. மதர்கிட்ட உத்தரவு கேட்டுக்கிட்டு வந்து கையெழுத்துப் போடுறேன்." எழுந்தவர் நின்றார். "பேரெல்லாம் எந்த வரிசையில போடுவீங்க?"

"வயசுப்படிதாம்மா."

"அப்ப எம் பேருதான் மொதல்ல வரணும். நான் மூத்தவ."

திரும்பும் பஸ்ஸில், அம்மையநாயக்கனூர் தாண்டியதும் சவரிமுத்து தானாகச் சிரித்தார்.

"சின்ன வயசுல வீட்ல செபமாலைய அதுதான் ஆரம்பிக்கும். நாங்க பிந்திட்டா காதத் திருகிரும். மறந்தே போச்சு பாரும்."

பதிவு நாளன்று இன்னொரு கன்னியாஸ்திரி துணையாக வர, சிஸ்டர் பெர்னதெத் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அலுவலகத்தில் முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். "லூர்து மேரி!" யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் அவரை அழைத்து எத்தனையோ வருடங்கள் ஆகியிருக்க வேண்டும்.

சவரிமுத்து குனிந்து அவர் தோளைத் தொட்டார். "அக்கா, ஒன்னையத்தான்."

கமலா இப்போது அந்த வீட்டில் இருக்கிறாள். குழந்தைகள் அங்கிருந்தே பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனாலும் ஞானம்மா அன்று வாசலில் நில்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, எழுதிக்கொண்டிருக்கிற பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். எனக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. பதிலையும் யாரும் மறைக்கவில்லை. கேள்விதான் பிசகு.

அதனால் இளைஞர்களே, விற்க வருகிறவரிடம் கூடப்பிறந்தவர் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். "ஒங்க அம்மா எத்தன புள்ள பெத்தாங்க? மூத்ததுலேருந்து பேரச் சொல்லுங்க" என்று கேளுங்கள். செத்த பிள்ளையையும் சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் வாரிசு இருக்கும். சிலர் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

போன வாரம் ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர், தகப்பனார் திண்டுக்கல்லில் வாங்கிப்போட்ட வீட்டை விற்க வந்தார். அண்ணன் தம்பி மூன்று பேர் என்றார். நான் என் கேள்வியைக் கேட்டேன். விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"ஏனுங்க, பாலசமுத்திரத்துல கட்டிக்குடுத்த புள்ளைங்களையுமா சேக்கோணும்?"

"சேக்கோணும்" என்றேன்.

மடக்கிய விரல்களை நீட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"அப்ப நாங்க அஞ்சு பேருங்க."