மூன்றின் மேல் மூன்று

என் அம்மா குளிக்கப் போனாலும் சரி, துணி எடுக்க உள்ளறைக்குப் போனாலும் சரி, "உள்ள கீறேன்!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவாள். காலடிப்பேட்டையில் எங்கள் வீடு மொத்தமே இரண்டு அறை. எதிர்வீட்டு அக்கா, "தெருவுக்கே தெரிஞ்சிபோச்சு, போய்க் குளிம்மா" என்று கிண்டல் செய்வாள். நானும் சிரிப்பேன்.

எனக்குக் கெர்னல் வேலை. கம்ப்யூட்டரில் ஓடும் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டு, யார் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று கணக்கு வைப்பது கெர்னல். அந்தக் கணக்கு பிசகாமல் பார்ப்பது என் பிழைப்பு. பல வருடமாக இதை நான் அம்மாவிடம் விளக்கியதில்லை. அவளுக்குப் புரிந்துவிடுமோ என்று பயம்.

கல்லூரி விடுமுறையில் அம்மாவோடு நானும் ராயபுரத்தில் ஓர் இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். இறால் பெட்டிகளைக் குளிர் அறைக்குள் கொண்டுபோய் அடுக்க வேண்டும். அறைக்கு ஒரே கதவு, வெளிப்பக்கம் கனத்த தாழ்ப்பாள். உள்ளிருந்து தள்ளித் திறக்கும் பிடி உடைந்து மாதக்கணக்காகியும் எவனும் மாற்றவில்லை. அதற்குப் பதிலாகக் கதவருகே ஒரு சிலேட்டை மாட்டிவைத்தார்கள். பெரிய பாதுகாப்பு! உள்ளே போகிறவள் அதிலுள்ள எண்ணை அழித்து, ஒன்று கூட்டி எழுத வேண்டும். வெளியே வருகிறவள் ஒன்று குறைத்து எழுத வேண்டும். சைபர் வந்தால் கதவைச் சாத்தலாம்.

அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. சூப்பர்வைசர் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். நான் பெட்டியோடு வந்தபோது சிலேட்டில் 2 இருந்தது. அப்படியானால் நான் 3 எழுத வேண்டும். பெட்டியை இறக்கிவைத்து, குனிந்தபடியே ஏப்ரன் பையில் சாக்பீஸைத் துழாவினேன். அதற்குள் யாரோ என்னைத் தாண்டிப் போனார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. போனது அம்மா. அவளும் அதே 2ஐப் பார்த்து, அழித்து, 3 போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சாக்பீஸ் கிடைத்ததும் நான் சிலேட்டைக் கையால் ஒரு தேய் தேய்த்துவிட்டு, மனதில் வைத்திருந்த 3ஐ எழுதினேன். எதை அழித்தேன் என்று பார்க்கவில்லை. உள்ளே நாலு பேர், சிலேட்டில் மூன்று. இதெல்லாம் பிறகு உட்கார்ந்து கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

முதலில் இருந்த இருவரும் வெளியே வந்தார்கள். 2, 1. கடைசியாக நான் வந்தேன், சைபர் போட்டேன். அம்மா அறையின் கோடியில், பெட்டி அடுக்குக்குப் பின்னால் இருந்தாள்.

"உள்ள யார்னா கீறாங்களா?" என்று தூரத்திலிருந்து சூப்பர்வைசர் கத்தினார்.

நான் சிலேட்டைப் பார்த்தேன். அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. "யாரும் இல்லண்ணா!" என்று திருப்பிக் கத்திவிட்டு, என் கையாலேயே கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

கை கழுவினேன். டீ குடித்தேன். கூட இருந்தவர்களோடு ஏதோ சினிமாக் கதை பேசினேன். அம்மா முன்னாடியே பஸ் ஸ்டாப்புக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸைக் கழற்றிச் செருப்பு போடப் போனேன். என் செருப்புக்குப் பக்கத்தில் அம்மாவின் பச்சை வார்ச் செருப்பு கிடந்தது.

ஓடிப்போய்த் திறந்தபோது கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். தட்டித் தட்டி உள்ளங்கைத் தோல் கதவிலேயே ஒட்டி உரிந்திருந்தது. உதடு அசையக் கொஞ்ச நேரமானது. அசைந்ததும் கேட்ட முதல் வார்த்தை, "டீ குடிச்சியா?"

குடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு பெண்கள் தாங்களாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். ஒரே சாக்பீஸ், அதுவும் சிலேட்டோடு கயிற்றில் கட்டியது. அது கையில் இல்லாதவள் எழுதுவது இருக்கட்டும், சிலேட்டைப் பார்க்கவே கூடாது. அம்மா ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் திரும்பவில்லை. அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசவும் இல்லை.

போன மாதம் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பிழை வந்தது. இரண்டு பிராசசர்கள் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைப் படித்து, ஆளுக்கு ஒன்று கூட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிவிட்டன. 'பேஜ்' எனும் நினைவகத் துண்டு ஒன்றைப் பிடித்திருந்தவற்றில் ஒன்று கணக்கிலிருந்து விடுபட்டது. கணக்கு சைபரைத் தொட்டதும் யாரும் இல்லை என்று கெர்னல் இடத்தைக் காலி செய்துவிட்டது. உள்ளே ஒன்று இருந்தது. ரேஸ் கண்டிஷன் என்பார்கள். வீடியோ காலில் உடன் வேலை செய்பவன், "எப்பவாவது ஒரு தடவை வருது, ஒரே ஒரு பேஜ்தானே, அப்புறம் பாக்கலாம்" என்றான்.

"அந்த ஒண்ணு யாருன்னு தெரியுமாடா உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "இன்னாத்துக்குடி இப்டி கத்துற?" என்றாள். தட்டிக்கழிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பார்ப்பது, கூட்டுவது, எழுதுவது மூன்றையும் ஒரே வேலையாகச் செய்ய வேண்டும், நடுவில் ஒருவரும் நுழையக் கூடாது, அதைத்தான் இப்போது சரி செய்கிறேன் என்றேன்.

அம்மா மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"நீ அன்னிக்கு 'யாரும் இல்லண்ணா'ன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

இத்தனை வருடமாக இதை இவள் சொன்னதே இல்லை.

"குரல் குடுத்திருக்கலாம்லமா?"

"குடுத்தேன். உள்ள ஓடுற ஃபேன் சத்தத்துல உனுக்குக் கேக்கல. நீ அவ்ளோ தெளிவா சொன்னியா, எனக்கே ஒரு நிமிசம் டவுட்டு வந்துச்சு. நா உள்ள கீறேனா, இல்லியான்னு."

பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பினாள். கதவைச் சாத்துவதற்கு முன் வழக்கம் போல, "உள்ள கீறேன்!" என்றாள்.

"ஆமாம்மா," என்றேன். "உள்ள கீற."