பதினேழாம் எண் தகடு

தேசியப் பூங்காவுக்குள் ஓடுவது ஒரே ஒரு பேருந்து. அதை ஓட்டுகிறவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த சேதி. வராமல் என்ன செய்யும்? கூடாரம் அடிக்க வருகிறவர்களுக்குக் காடு என்றால் படம் பிடிக்கிற இடம். அவளுக்கோ அது புருஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிற இடம்.

அவர் ஆற்றங்கரைச் சாவடியில் காவலர். சாவடிப் பலகையில் எண் போட்ட தகடுகள் ஆணியில் தொங்கும். அக்கரைக் காட்டில் தங்கப் போகிறவர் ஒன்றை எடுத்துப் போக வேண்டும், திரும்பியதும் மாட்டிவிட வேண்டும். திரும்ப வேண்டிய நாளில் நான்கு மணிக்கு ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே சிக்கிக்கொண்டார் என்று அர்த்தம். முட்டி தேய்ந்த காலோடு அவர் ஆற்றில் இறங்கித் தேடப் போவார்.

அன்று சாவடியிலிருந்து கிளம்பிய மூன்றரை மணிப் பேருந்து பாதி வழி வந்தபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னிருக்கை இளைஞனின் பையில் பதினேழாம் எண் தகடு ஆடிக்கொண்டிருந்தது. அவள் பிரேக்கை மிதித்த மிதியில் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"அது என்னப்பா பையில?"

"ஞாபகத்துக்கு எடுத்துக்கிட்டேன்க்கா. ஒரு தகரம்தானே?"

"தகரமா? இந்தத் தகரத்தைத் தேடி என் வீட்டுக்காரர் இந்நேரம் ஆத்துல இறங்கியிருப்பாருடா!"

போனில் சிக்னல் இல்லை. வண்டியைத் திருப்பினாள்.

"எனக்கு ரயிலுக்கு நேரமாச்சும்மா" என்றார் ஒருவர்.

"அப்ப இறங்கி நடங்க."

சாவடி பூட்டியிருந்தது. அவருடைய ஊன்றுகோலையும் காணோம். முந்தின நாள் மழையில் ஆறு இடுப்பளவு ஓடியது. அவளுக்குப் பயமும் கோபமாகத்தான் வெளியே வந்தது. இளைஞனைச் சட்டைக் கையைப் பிடித்துத் தண்ணீர் ஓரம்வரை இழுத்துப் போனாள்.

"காணாமப் போனவன் நீதானே? இங்கதான் இருக்கேன்னு கத்து."

கத்தினான். குரலே எழும்பவில்லை.

"சோறு திங்கிறவன்தானே? நல்லாக் கத்துடா!"

தொண்டை கிழியக் கத்தினான். அக்கரைப் புதருக்குள்ளிருந்து மூச்சு வாங்கியபடி பதில் வந்தது.

"பயப்படாதே தம்பி! அசையாம அங்கேயே இரு! இதோ வந்துட்டேன்!"

புதரை விலக்கிக்கொண்டு அவர் நொண்டி நொண்டி ஓடி வந்தார். ஆழம்கூடப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினார். இளைஞன் பையை வீசிவிட்டு அவருக்கு எதிரே இறங்கினான். நடு ஆற்றில் அவன் அவர் கையைப் பிடித்ததைப் பார்த்த பிறகும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை.