துளசித் தண்ணீருக்காக அடைத்த ஓட்டை

காலடிப்பேட்டையில் நாங்கள் நான்கு குடும்பங்கள் சேர்ந்து அடுக்குமாடி வீடு கட்டினோம். எனக்கு முதல் மாடி. பால்கனியில் தண்ணீர் வடிய மேஸ்திரி ஓர் ஓட்டை விட்டிருந்தார். துளசிக்கு ஊற்றும் தண்ணீர் அதன் வழியே தெருவில் விழுந்து மிதிபடுமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அடைக்கச் சொன்னேன்.

"கடல் காத்தும்மா. தண்ணி நின்னா உள்ள கம்பி துருப்பிடிச்சிரும்" என்றார்.

"சாமிக்கு ஊத்துற தண்ணி இன்னா பண்ணிடப் போவுது?" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

எட்டு வருஷம் ஓடியது. கீழ்வீட்டு மேரி, என் பால்கனிக்கு அடியில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். ஒருநாள், "இன்னாக்கா, உன் துளசியம்மா என் தலையில காரையா கொட்டிகினு கீறாங்க! ஆள வுட்டுப் பாருக்கா" என்று சிரித்தாள்.

"ஆடி முடியட்டும் மேரி. இப்ப துளசிய நகர்த்தக் கூடாது" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே திரும்பினேன். கீழே பெரிய சத்தம். பால்கனியின் அடிப்பக்கம் பெயர்ந்து மேரியின் வலது கைமேல் விழுந்திருந்தது. உயிர் பிழைத்தாள். ஆனால் விரல்கள் மடங்குவதில்லை.

ஆஸ்பத்திரியில் கதறினேன். "அழுவாதக்கா, நீ இன்னா வேணும்னா செஞ்ச?" என்றாள்.

பால்கனியை இடித்து, சரிவும் ஓட்டையும் வைத்துக் கட்டிவிட்டோம். துளசி இப்போது வாசல் மண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் எல்லாப் பால்கனிகளின் அடியையும் மேஸ்திரியை வைத்துத் தட்டிப் பார்க்கிறோம். விளக்கேற்றினால் மேரியின் விரல்களுக்குத்தான் முதல் வேண்டுதல்.

அதற்கு முன் அவள் தைத்துத் தந்த ஜாக்கெட்டைத்தான் இன்றும் போட்டிருக்கிறேன். ஒரு தையல்கூடப் பிரியவில்லை.