மெடிக்கலுக்குப் போன பிள்ளை

கேட்பவரைப் பொறுத்துச் சக்கரபாணியின் மகன் ஊர் மாறுவான். சுரங்கத்துக்குப் போகும் ஷிப்ட் பஸ்ஸில் கேட்டால் சென்னையில் டிரெய்னிங். ரேஷன் கடையில் கேட்டால் சேத்தியாத்தோப்பில் மாமன் வீடு. ஷிப்ட் மாறும் வாரம்தான் சங்கடம்; பஸ்ஸில் ஆட்களும் மாறிவிடுவார்கள். யாரிடம் எந்த ஊரைச் சொன்னோம் என்று யோசிப்பதற்காகவே பஸ்ஸில் ஏறியதும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்.

கலைச்செல்வன் இருந்தது புதுச்சேரியில், மனநல மருத்துவமனையின் பூட்டிய வார்டில். சுரங்கத்தில் பார்த்த காண்ட்ராக்ட் வேலையை விட்டான். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்றான். குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஏறி நின்றதும், உடனே சேர்க்கச் சொன்னார் டாக்டர். ஆஸ்பத்திரி என்றால் வரமாட்டான். லீவு லெட்டரில்கூட உண்மையான காய்ச்சலையே எழுதிவந்த சக்கரபாணி அன்றுதான் தன் முதல் பொய்யைச் சொன்னார்.

"ஒன்ன பெர்மனென்ட் ஆக்கப் போறாங்கடா. மெடிக்கல் டெஸ்ட்டுக்கு வரச் சொல்லிருக்காங்க."

மகன் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, தன் காலாலேயே உள்ளே நடந்தான். பின்னால் கதவு பூட்டப்பட்டது.

கிளம்பும்போது அவன் பக்கத்து வீட்டு வேலுமணியிடமும் சொல்லிவிட்டிருந்தான்.

"என்னாண்ணே, புள்ளைக்கு பெர்மனென்ட்டாமே! சுவீட்டு தராம கமுக்கமா இருக்கீங்க?"

மறுக்கத் தெரியாமல் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி பிளாக் முழுவதும் கொடுத்தார். மனைவி பிரபாவதி தலையில் அடித்துக்கொண்டாள்: "ஒங்களையும் அங்கியே சேத்துட்டு வந்திருக்கணுங்க."

மகன் இல்லாத வீட்டில் அவர் நிம்மதியாகத் தூங்கினார். எழுந்ததும் அதற்காகக் கூசினார். எது பாசம், எது பயம் என்று பிரித்துப் பார்க்க முயன்று தோற்றார்.

முதல் மூன்று ஞாயிறும் கலைச்செல்வன் அம்மாவை மட்டும் பார்த்தான். "அவரு வேணாம்." சக்கரபாணி வெளியே வேப்பமரத்தடியில் நின்று, அவள் வந்ததும் கேட்பார்:

"சாப்புடுறானா?"

"ம்."

"என்னப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலங்க."

நான்காம் ஞாயிறு அவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்கு அப்பால், மாத்திரையில் உப்பிய முகத்தோடு மகன்.

"மெடிக்கல்ல என்னாப்பா சொன்னாங்க? ஆர்டர் வந்துட்டுதா?"

குத்திக் காட்டுகிறானா, நம்பிக் கேட்கிறானா? அந்த முகத்தில் விளங்கவில்லை. 'வந்துக்கினே இருக்குடா' என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. சக்கரபாணி அதை விழுங்கினார். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, மகன் பார்க்க, வெறும் உள்ளங்கைகளை மெதுவாக விரித்தார்.