கரையான் தின்ற கட்டு

இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தில், பழைய ஆவணங்களுக்குப் பொறுப்பான குமாஸ்தாவாக இருந்தேன்.

பங்காளி வரப்பை வெட்டித் தன் நிலத்துக்குள் வந்துவிட்டான் என்று, நில அளவுப் படத்தின் நகல் கேட்டு அகரம் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் மூன்று முறை நடந்து வந்தார். மூன்றாம் முறையும் எழுந்து தேடச் சோம்பல்பட்டு, "அந்தக் காகிதக் கட்டைக் கரையான் தின்னுருச்சும்மா" என்றேன்.

அவர் நகரவில்லை. "கரையான் அரிச்சா மண்ணாச்சும் கெடக்குமே சார். அதக் காட்டுங்க, போயிர்றேன்."

எரிச்சலோடு எழுந்து, பின்னாலிருந்த ஆவண அறைக்குள் போனேன். கைக்கெட்டும் தட்டிலேயே கட்டு இருந்தது. ஓர் ஓட்டைகூட இல்லை. கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன்.

"தின்னதக் கரையான் திருப்பிக் குடுத்துருச்சாக்கும்?" என்றார்.

வெயிலில் அத்தனை மைல் நடந்தவர் அவர். என் நாற்காலியிலிருந்து அந்தத் தட்டு நாலே எட்டு.